கொங்கு நாடும் காவிரிப் படுகையும்: புதுப்பொறி ஏற்றல் பற்றிய வட்டார முத்திரைகள்

தோற்றுவாய்

தமிழகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் இயல்பைச் சார்த்திப் பேசுதல் நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். சேர நாட்டை யானையாலும், சோழ நாட்டைச் சோற்றாலும், பாண்டிய நாட்டை முத்தாலும், தொண்டை நாட்டைச் சான்றோராலும் சிறப்பிக்கும் தனிப்பாடலை மாணவர் அனைவரும் அறிவர். அப்பாடல் பாராட்டும் நோக்குடையது; ஒரு நாட்டை உயர்த்துதற்பொருட்டு மற்றொன்றைத் தாழ்த்துவதன்று. கடந்த நூற்றாண்டில் இவ்வழக்கம் வேறொரு வடிவம் பெற்றது. எப்பகுதியார் புதிய பொறிகளையும் புதிய முறைகளையும் விரைந்து ஏற்பர், எப்பகுதியார் பின்தங்குவர் என்னும் வினா எழுந்தது. அதற்குச் சில விடைகள் தக்க ஆராய்ச்சியின்றியே நிலைபெற்றன. அவற்றுள் பெரிதும் வழங்குவது, கொங்கு நாட்டார் பொறியறிவில் முந்தியவர் என்பதும், காவிரிப் படுகையினர் பழமையை விடாத மந்தர் என்பதுமாகும்.

இவ்வாறு ஒரு நிலப்பகுதியின் மக்கள் அனைவர்க்கும் ஒரே இயல்பைக் கற்பித்து, அவ்வியல்பையே அவர்தம் வரலாற்றுக்குக் காரணமாகக் காட்டும் கருத்தினை இக்கட்டுரையில் 'வட்டார முத்திரை' என்று குறிப்பிடுவோம். இத்தகைய முத்திரை திண்ணைப் பேச்சோடு நின்றுவிடுமாயின் அதனை ஆராய வேண்டுவதில்லை. வரலாற்று நூல்களிலும் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளிலும் அது விளக்கமாகவே புகுந்துவிடுகின்றது. ஆதலின், அதன் உண்மை எத்துணை என்பது ஆராயற்பாலதாயிற்று. ஈண்டு 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அண்மைக் காலம் வரையுள்ள சில உறுதியான செய்திகளைக் கொண்டு அதனை ஆராய்வோம்.

திணைக்கோட்பாடு சான்றாகுமா?

வட்டார முத்திரைக்கு இலக்கியச் சான்று காட்ட முயல்வாரும் உளர். அவர் திணைக்கோட்பாட்டைத் துணைக்கழைப்பர். மருதநிலம் வளமுடையது, வளம் மடியை விளைக்கும், ஆதலின் மருதநில மக்கள் புதுமை நாடார் என்பது அவர் கூற்று. வன்புலத்து மக்கள் வறட்சியோடு போராடுதலின் அறிவுக்கூர்மை பெறுவர் என்பது அதன் மறுதலை.

தொல்காப்பியம் இதற்கு இடந்தரவில்லை. கருப்பொருளாக அந்நூல் எண்ணுவன தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. மக்களின் அறிவோ மடியோ அப்பட்டியலில் இல்லை. உரிப்பொருளாவது அகவொழுக்கம், பொருளீட்டும் திறமன்று. அன்றியும், உரிப்பொருள் அல்லாதன தம் நிலத்தின் எல்லையைக் கடந்து மயங்குதல் உண்டு என்பதையும் ஆசிரியரே கூறிச் சென்றார். ஒரு நிலத்தின் தொழிலும் கருவியும் பிறிதொரு நிலத்திற்குச் செல்லக்கூடும் என்பதை மரபு அன்றே உடன்பட்டிருக்கின்றது. எனவே, செய்யுள் நெறிக்கென வகுத்த ஒரு பகுப்பினை மக்கட் குணத்தின் அளவுகோலாக்குதல் பொருந்தாது. திணைக்கோட்பாட்டிலிருந்து வரலாற்றாசிரியன் பெறத்தக்க பயன் ஒன்றுண்டு. நிலத்தையும் நீரையும் பொழுதையும் முதலில் நோக்குக என்பதே அது. அவற்றை நோக்காமல் மக்களின் குணத்தை முதலில் நோக்குவதே இம்முத்திரையின் பிழை.

படுகையின் பழைய சான்றுகள்

காவிரிப் படுகையினர் புதுமைக்குப் பகைவர் என்பார் விளக்க வேண்டிய செய்திகள் பல உள்ளன. தமிழ் எழுத்தை அச்சேற்றும் பணி 16-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிப் பின்னர்த் தளர்ந்தது. அது மீண்டும் வலுவாகக் காலூன்றிய இடம் தஞ்சை அரசின் கடற்கரையிலிருந்த தரங்கம்பாடியாகும். அங்கு 1712-இல் அச்சுப்பொறி வந்தது. 1713-இல் செருமனி நாட்டின் ஆலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. ஆலேயிலிருந்து வந்த எழுத்துகள் அளவிற் பெரியனவாதலின் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகள் வார்க்கப்பட்டன. பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் அமைந்தது.

நூறு ஆண்டுகள் கழியுமுன், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1805-ஆம் ஆண்டளவில் தம் அரண்மனையில் அச்சுக்கூடம் நிறுவினார். அவர் 1798 முதல் 1832 வரை அரசிருக்கையில் இருந்தவர். ஆட்சி அதிகாரத்தை ஆங்கிலேயர்பால் இழந்த அம்மன்னர் மேனாட்டு மருத்துவம், உடற்கூறு, இயற்பியற் கருவிகள் ஆகியவற்றில் காட்டிய ஈடுபாடு சரசுவதி மகால் நூலகத்தின் தொகுப்புகளில் இன்றும் விளங்குகின்றது.

நீர்ப்பணியில் படுகையின் அறிவு பிறர்க்கு ஆசானாகவும் நின்றது. கொள்ளிடத்தின் தலைப்பில் ஆர்தர் காட்டன் 1836-இல் மேலணையைக் கட்டி முடித்தார். ஆழங்காண இயலாத மணற்படுகையில் அடித்தளம் இடும் முறையை இந்நாட்டார் பழைய பணிகளிலிருந்தே ஆங்கிலப் பொறியாளர் கற்றனர் என்பதை அவரே பின்னர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். கல்லணையின் அமைப்பு அவர்க்குப் பாடமாயிருந்தது.

இருப்புப்பாதை வரலாறு இதனினும் தெளிவான சான்றாகும். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861-இல் புகைவண்டி ஓடியது. இது ஆங்கில நிறுவனம் ஒன்றன் பணி. ஆனால், 1894-இல் திறக்கப்பெற்ற மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதை அத்தகையதன்று. தஞ்சை மாவட்டக் கழகம் இருப்புப்பாதைக்கென வரி விதித்து, அவ்வருவாயைச் சேர்த்து, அப்பாதையைத் தனதாக அமைத்தது. பழமை விடாதவர் என இகழப்படும் அப்படுகையின் நிலவுடைமையாளர், ஒரு புதிய ஊர்திக்காகத் தம்மீது வரி சுமத்திக்கொள்ள இசைந்திருந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நாகப்பட்டினத்தில் இயங்கிய பெரிய புகைவண்டிப் பட்டறை 1928-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்குப் பெயர்ந்தது. இம்மாற்றம் இருப்புப்பாதை நிறுவனத்தின் வசதி நோக்கியது; நாகையின் கம்மியர் கற்க மாட்டாமையால் நேர்ந்ததன்று.

தரங்கம்பாடி அச்சகமும் முதல் இருப்புப்பாதையும் ஐரோப்பியர் கொணர்ந்தவை அல்லவோ எனின், ஆம். கோயம்புத்தூரின் முதல் நூற்பாலையும் அவ்வாறே இராபர்ட்டு இசுடேன்சு என்னும் ஆங்கிலேயர் முயற்சியால் 1888-இல் தோன்றியது. பிறர் கொணர்ந்ததை ஒரு பகுதிக்குப் பெருமையாகவும் மற்றொரு பகுதிக்கு ஒன்றுமில்லாததாகவும் கொள்ளுதல் நடுநிலையாகாது.

கொங்கு நாட்டின் முந்துதல்

இனி, கொங்கு நாடு பொறிகளை விரைந்து ஏற்றது என்பதை எவரும் மறுக்க இயலாது, நாமும் மறுக்கவில்லை. ஏன் ஏற்றது என்பதே வினா.

கொங்கின் பெரும்பகுதி மழை குறைந்த மேட்டுநிலம். நொய்யல், பவானி, அமராவதி ஆகிய ஆறுகளின் வாய்க்கால் பாயும் இடங்கள் நீங்கலாக, மற்றைய நிலங்களுக்குக் கிணறே உயிர். கிணற்று நீரால் விளையும் தோட்டப் பயிரே அங்குள்ள உழவனின் செல்வம். அந்நீரை மேலேற்றியது கவலை. இரண்டு எருதுகள், வாரியில் அவற்றை முன்னும் பின்னும் ஓட்ட ஓர் ஆள், சால், தோலால் ஆன தும்பி, வடக்கயிறு, வால்கயிறு என இத்தனையும் கூடினாலன்றி ஒரு துளி நீர் நிலத்திற் பாயாது. எருதுக்குத் தீனியும் ஆளுக்குக் கூலியும் ஆண்டு முழுவதும் கொடுத்தாக வேண்டும். நீரின் விலையை நாள்தோறும் கணக்கிட்டுப் பார்க்கும் கட்டாயம் இவ்வுழவனுக்கு இருந்தது.

20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி இம்மாகாணத்தில் புகுந்தது. அது நீண்ட இழையுடையது. கிணற்றுப் பாசனத்தில் நன்கு விளைவது. நூற்பாலைகள் விரும்பி வாங்குவது. ஆதலின் கிணற்று நீரின் மதிப்பு உயர்ந்தது. வேளாண்மைக் கல்விநிலையம் சைதாப்பேட்டையிலிருந்து 1906-இல் கோவைக்கு மாற்றப்பட்டது. கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் அங்கே தோன்றியது. அரசினரின் ஆராய்ச்சி நிலையங்கள் அருகிருந்தமை அப்பகுதி உழவர்க்குக் கிடைத்த தனிப்பேறு.

எண்ணெய்ப் பொறியால் நீரிறைக்கலாம் என்பதை ஆல்பிரட்டு சாட்டர்டன் என்பார் இம்மாகாணத்தில் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செய்து காட்டினார். ஆயினும் பெருமாற்றம் விளைத்தது மின்சாரமே. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. மலையடிவாரத்தில் இருந்த கோவைப் பகுதியே முதற்பயன் பெற்றது. ஆலைகள் பெருகின, கிணறுகளில் மின்னோடிகள் ஏறின. சில ஆண்டுகளில் மின்னோடி கோவையிலேயே உருவாக்கப்பட்டது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டித் தொழில் தொடங்கிய கோ. து. நாயுடு (1893–1974) போன்றோரின் தனித்திறமும் இவ்வளர்ச்சிக்கு உறுதுணையாயிற்று.

இவ்வரலாற்றில் நால்வகைக் காரணங்கள் புலனாகின்றன. முதலாவது, நீரிறைக்கும் தேவை. இரண்டாவது, கிணறு தனியுடைமையாதலின் பொறி வாங்கும் முடிவை ஒருவனே எடுக்க இயன்றமை. மூன்றாவது, பருத்தி தந்த கைப்பணம். நான்காவது, மலிவான மின்சாரம் அணிமையில் கிட்டியமை. இந்நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தில் பொறி பரவாதிருப்பின் அன்றோ வியத்தல் வேண்டும்!

படுகையில் மின்னோடி பரவாமை

இந்நான்கையும் காவிரிப் படுகையில் வைத்து நோக்குவோம். அங்கு நீர் மேலிருந்து கீழே தானாகப் பாய்வது. ஆறு, கிளையாறு, வாய்க்கால், மடை, வயல் எனத் தாழ்வு நோக்கிச் செல்லும் நீரை இறைக்க வேண்டுவதில்லை. நீரிறைக்கும் பொறி அங்குத் தேவைப்படாத பொருள். படுகையினர் மின்னோடி வாங்கவில்லை என்பது, கடற்கரையார் மலையேறும் கயிறு வாங்கவில்லை என்பது போன்றதே.

படுகையின் நீர் பொதுநீர். எப்பொழுது திறப்பது, எவ்வாய்க்காலுக்கு முறை வைப்பது, எப்பொழுது அடைப்பது என்பன தனியொருவன் கையில் இல்லை. மேட்டூர் அணை 1934-இல் முடிந்த பின்னர் அம்முடிவு இன்னும் தொலைவிற்குச் சென்றது. சூன் 12-ஆம் நாளை நோக்கி ஒரு நாடே காத்திருக்கும் நிலை உண்டாயிற்று. இத்தகைய இடத்தில் புதுமை என்பது கூட்டு முயற்சியாகவே அமையும். அணையாகவும் மதகாகவும் வாய்க்கால் சீரமைப்பாகவும் அது தோன்றும். மின்னோடிகளை எண்ணும் கண்ணுக்கு மதகு புலப்படுவதில்லை. ஒரு பகுதிக்கு உரிய கருவியை அளவுகோலாக எடுத்துக்கொண்டு அனைத்துப் பகுதிகளையும் அளத்தலே வட்டார முத்திரையின் அடிப்படைக் குற்றம் என்று நாம் கருதுகின்றோம்.

மற்றொரு காரணமும் உண்டு, அது இனியதன்று. படுகையின் பெருநிலவுடைமையாளர்க்குப் பண்ணையாள் உழைப்பு மிகக் குறைந்த விலையில் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாகப் பண்ணையோடு கட்டுண்டு, நெல்லாகக் கூலி பெற்று வாழ்ந்த மக்கள் அவர்கள். அவர்களைக் காக்கத் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல் இயற்றப்பட வேண்டியதாயிற்று. ஆட்கூலி மலிந்த இடத்தில் பொறிக்குப் பணம் செலவிடுவார் இலர். இதனை மடி என்பது பொருந்தாது. தமக்கு ஊதியம் தருவதையே செய்த கணக்கு என்பதே பொருந்தும். எங்கே பொறி ஊதியம் தந்ததோ அங்கே படுகையினர் தயங்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எந்திர நெல்லாலைகள் தஞ்சைப் பகுதியெங்கும் பரவியமை இதற்குச் சான்று.

இரு சோதனைகள்

குணமே காரணமாயின், நிலைமை மாறினும் மக்கள் மாறாதிருத்தல் வேண்டும். நிலைமையே காரணமாயின், அது மாறியவுடன் மக்களின் செயலும் மாறுதல் வேண்டும். வரலாறு இவ்விரண்டனுள் எதனை உறுதிப்படுத்துகின்றது என்பதைக் காண இரு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ஆடுதுறை 27 என்னும் நெல் வகை. செறிவு வேளாண்மைத் திட்டத்திற்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூர் ஒன்று. அத்திட்டம் 1960–61-இல் தொடங்கியது. 1922-இல் நிறுவப்பெற்ற ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம், சப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து குறுகிய கால வகையொன்றை உருவாக்கி 1960-களின் நடுப்பகுதியில் வெளியிட்டது. குறுவைக்கு ஏற்ற அவ்வகை சில பருவங்களுக்குள்ளேயே மாவட்டத்தில் பரவலாயிற்று. உரமிடும் அளவு, நாற்று வயது, நடவு இடைவெளி எனப் பலவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டிய புதுமை அது. பழமை விடாதார் என்பவரே அதனை விரைந்து ஏற்றனர். குறுவைக்கும் தாளடிக்கும் இடையே நாள் சுருங்கியபோது உழுபொறிக்கும் தேவை எழுந்தது.

இரண்டாவது, வடிமுனைக் குழாய்க் கிணறு. காவிரி நீர் உறுதியற்றதாக மாறத் தொடங்கிய பின்னர், படுகையின் மணற்பாங்கான இடங்களில் குறைந்த ஆழத்திலேயே நீரெடுக்கும் இக்கிணறுகள் பெருகின. அவற்றோடு நீரிறைக்கும் பொறிகளும் பெருகின. குறுவை நாற்றங்காலுக்கு அணைநீரை நோக்கியிராமல் நிலத்தடி நீரைப் பயன்படுத்த உழவர் கற்றனர். மேட்டிலிருந்த மின்னோடி மருதத்திற்கு வந்துவிட்டது. மக்கள் அவர்களே, மாறியது நீர். இக்காலத்தில் படுகையின் வயல்களில் கதிரறுக்கும் பொறிகள் இயங்குகின்றன. கூலியாட்கள் வேறிடங்களுக்கும் வேறு தொழில்களுக்கும் சென்றபின் அவையும் தேவையாயின.

இதன் மறுபக்கத்தைக் கொங்கிலேயே காணலாம். பவானியாற்றிலிருந்து பிரியும் காலிங்கராயன் வாய்க்கால் நெடுங்காலமாக ஈரோட்டுப் பகுதியில் நன்செய் விளைவித்து வருகின்றது. அங்கும் நீர் முறைவைத்துப் பாய்ந்தது. வயலுக்கு நீர் தரும் முதன்மைக் கருவியாக மின்னோடி அமையவில்லை. கொங்கு மக்களே ஆயினும் வாய்க்கால் நிலத்தில் அவர் வேளாண்மை படுகையின் வேளாண்மையை ஒத்தது. சோணாட்டிலும் கிணறு உண்டு. கொங்கிலும் வாய்க்கால் உண்டு. முத்திரை இட்டார் இவ்விரண்டையும் நோக்கவில்லை.

இத்தகைய எச்சரிக்கை புதியதன்று. இந்திய வேளாண்மையை ஆராய வந்த வோல்க்கர் என்னும் வேதியியல் அறிஞர் 1893-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்நாட்டுச் சிறந்த உழவன் பிரித்தானிய உழவனுக்குத் தாழ்ந்தவனல்லன் என்றும், குறை காணப்படும் இடங்களில் அதற்குக் காரணம் வசதியின்மையே என்றும் கருதினார். நாடு முழுமைக்கும் அவர் கூறிய அந்நீதியை நாம் நம் மாவட்டங்களுக்குள் கடைப்பிடிக்கத் தவறினோம். தமிழகச் சிற்றூர்ப் பொருளியலை ஆராய்ந்த கிறித்தோபர் பேக்கர், 1984-இல் வெளிவந்த தம் நூலில், இந்நாட்டைச் சமவெளி, கொங்கு, ஆற்றுப் படுகை எனப் பகுத்துக்கொண்டார். அப்பகுப்பு நீரையும் மண்ணையும் குடியேற்றத்தையும் அடிப்படையாகக் கொண்டது, குணத்தை அன்று.

முத்திரை மறைக்கும் மக்கள்

'கொங்கு நாட்டார்', 'தஞ்சையார்' என்று கூறும்பொழுது நாம் யாரைக் குறிக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கேயே இம்முத்திரையின் மிகப் பெரிய தீங்கு உள்ளது.

கொங்கின் கிணறுகளில் மின்னோடி ஏறியதும் கவலை வழக்கொழிந்தது. கவலைக்குரிய தும்பியையும் தோற்பொருள்களையும் செய்தும் செப்பனிட்டும் வந்தவர் அருந்ததியர். கிணறு உள்ளவரை அவர் தொழில் இன்றியமையாதது. அதுபற்றி உழவர் குடும்பங்களோடு அவர்க்கு ஆண்டுக்கணக்கான பிணைப்பு இருந்தது. அது அடிமைத்தனமும் கலந்த பிணைப்பே ஆயினும், உணவுக்கு ஒரு வழியாகவும் இருந்தது. மின்னோடி அப்பிணைப்பை அறுத்தது. தோல் தைக்கும் நுண்திறம் ஒரு தலைமுறைக்குள் பயனற்றதாயிற்று. கொங்கு நாட்டார் பொறியை வரவேற்றனர் என்று எழுதும் வரலாற்றாசிரியன் இவர்களையும் கொங்கு நாட்டாருள் எண்ணுகின்றானா? எண்ணின், அவ்வாக்கியத்தை மாற்றி எழுதுதல் வேண்டும். பொறியை வாங்கியவர் சிலர். அதனால் தொழில் இழந்தவர் சிலர். இருவரும் ஒரே நாட்டார்.

படுகையிலும் இதுவே நிலைமை. புதிய நெல் வகை விளைச்சலைப் பெருக்கியது. அப்பெருக்கம் அனைவர்க்கும் ஒப்பச் செல்லவில்லை. பசுமைப் புரட்சியின் பயன்களை ஆராய்ந்து பிரான்சின் பிராங்கெல் 1971-இல் வெளியிட்ட நூல் தஞ்சை மாவட்டத்தையும் எடுத்துக்கொண்டது. பெருநிலமுடையார்க்கும் ஏனையோர்க்கும் இடையிலான வேறுபாடு விரிந்தமையை அது காட்டியது. விளைச்சல் பெருகிய வயலில் உழைத்தோர் கூலி உயர்வு வேண்டினர். அப்போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1968-ஆம் ஆண்டு திசம்பர் 25-ஆம் நாள் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலார் பெண்டிரும் குழந்தைகளும் ஆவர். 'படுகையினர் புதுமையை ஏற்றனர்' என்று நாம் முன்னர் எழுதிய வாக்கியமும் இச்செய்தியை நீக்கி நிறைவெய்தாது. விதையைத் தேர்ந்தெடுத்தவர் வேறு. அவ்விதையை நட்டவர் வேறு. நட்டவரின் கருத்தைப் புதுமையின் வரலாறு கேட்கவில்லை.

ஆகவே, ஒரு பகுதிக்கும் மற்றொரு பகுதிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டினும், ஒரே பகுதியில் நிலமுடையார்க்கும் நிலமிலார்க்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிது. வட்டார முத்திரை முன்னதைப் பெரிதாக்கிப் பின்னதை மறைக்கின்றது. புகழாக வழங்கும் முத்திரையும் இதற்கு விலக்கன்று. கொங்கு நாட்டாரின் முயற்சியைப் புகழும் சொற்களே, அம்மின்னோடிகள் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் கடன் உழவனைச் சூழ்ந்த பின்வரலாற்றை மறைத்துவிட்டன. ஆழத்திற் போட்டியிட இயலாத சிற்றுழவன் தன் கிணற்றை இழந்தபோது, அவனை 'முயற்சியுடைய கொங்கு நாட்டான்' என்று பாராட்டுவதால் அவனுக்கு யாது பயன்?

ஆய்வாளர் கொள்ளத்தக்க நெறி

இவற்றால் போதருவது யாதெனின், ஒரு பகுதி மக்கள் புதிய கருவியை ஏற்றனர் என்றோ ஏலாதொழிந்தனர் என்றோ எழுதப் புகுமுன் சில வினாக்களுக்கு விடை காணல் வேண்டும் என்பதாம். அக்கருவி அந்நிலத்திற்குத் தேவைப்பட்டதா? ஏற்கும் முடிவு யார் கையில் இருந்தது? அதற்கு வேண்டிய பொருளும் ஆற்றலும் கிட்டினவா? அக்கருவியால் யார் உழைப்பு எஞ்சியது, யார் உழைப்பு இழக்கப்பட்டது? இந்நான்கிற்கும் விடை கண்ட பின்னர், குணத்தைக் காரணமாகக் கூற எஞ்சியிருப்பது மிகச் சிறிதேயாகும்.

தனி மனிதரின் அறிவும் முயற்சியும் வரலாற்றில் இடம்பெறா என்பது நம் கருத்தன்று. சரபோசியும் நாயுடுவும் தத்தம் சூழ்நிலையைக் கடந்து சென்ற தனித்திறத்தினர். அவர்தம் திறம் அவர்க்குரியது. அதனை ஒரு நாட்டார் அனைவர்க்கும் பங்கிட்டுக் கொடுத்தலும், அதன் இன்மையை மற்றொரு நாட்டார் அனைவர்க்கும் சுமத்துதலும் முறையல்ல.

பட்டமேற்படிப்பு மாணவர்க்கு இத்துறையில் செய்யத்தக்க பணி மிகுதியாக உள்ளது. சிற்றூர்களில் கவலையும் ஏற்றமும் பற்றிய சொற்களை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். தும்பி தைத்தவர், வாரியில் எருது ஓட்டியவர், மடைநீர் முறைவைத்தவர், நாற்று நட்டவர் ஆகியோரின் சொற்களையும் நினைவுகளையும் இப்பொழுதே தொகுத்தல் வேண்டும். அகராதிக்கு அவை சொற்செல்வமாகும். வரலாற்றுக்கு அவை சான்றாகும். பொறியை வாங்கியவர் கணக்கேடு பலவிடத்தும் கிடைக்கின்றது. பொறி வந்தபின் வேலை இழந்தவரின் கணக்கேடு எங்கும் எழுதப்படவில்லை. அதனை எழுதும் ஆய்வாளர், வட்டார முத்திரையை மறுப்பதோடு அமையாது, அம்முத்திரைக்குக் கீழே புதைந்துகிடந்த மக்களின் வரலாற்றையும் வெளிக்கொணர்ந்தவராவர்.